முப்பது மில்லி

இரவு ஷிப்ட் முடிந்து
மேடவாக்கம் வந்துசேர எட்டரை.
ஞாயிறு. தூங்கியிருக்கலாம்.
ஆனால் நேற்றே முனகியது மெஷின்.
அழுத்தமுள் ஒன்பதைத் தொடாமல்
ஏழில் நின்று நடுங்கியது.
காபி வழியவில்லை, சொட்டியது.

சல்லடையைக் கழற்றினேன்.
அதன் பின்புறம் யாரும் பார்க்காத இடம்.
தோசைக்கல் ஓரத்தில் ஏறுமே
அந்த ஜாதிக் கறுப்பு.
ரப்பர் வளையம் பனங்கொட்டையாய் இறுகி
ஸ்க்ரூடிரைவரால் நெம்ப நெம்ப
துண்டு துண்டாக வந்தது.
மூன்று துண்டு கையில்.
நான்காவது உள்ளே எங்கோ.

பால் நுரைக்கும் குழாயில் நாலு துளை.
இரண்டு அடைத்திருந்தன.
சேலைக் குத்தும் பின்னால் திறந்தேன்.
(அதே பின்னோடுதான்
மாலை ஒரு வரவேற்புக்குப் போனேன்.
இரவு முழுக்கத் தோளில்
காய்ந்த பால் வாசம்.)

எலுமிச்சை உப்பு
கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் வாங்கியது, அரைக்கிலோ.
"ஊறுகாய்க்கா?" என்றார் கடைக்காரர்.
"மெஷினுக்கு."
"எந்த மெஷின்?"
எதைச் சொல்ல.
வேலையில் ஒன்பது, வீட்டில் ஒன்று.
எல்லாவற்றுக்கும் இதே புளிப்பு.

அங்கே கட்டிலுக்கு ஒரு மெஷின்.
நாலு மணி நேரம்
ரத்தம் வெளியே போய்ச் சுற்றித் திரும்பும்.
ஆள் எழுந்து போனதும்
அடுத்த ஆள் வருவதற்குள்
சூடாக, புளிப்பாக ஓடவிடுவோம்.
சுண்ணாம்பு கரைந்து போகும்
யாருடையது என்று இல்லாமல்.

ஆறாம் கட்டில் தனகோடி
பதினெட்டு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவர்.
இப்போது நாளுக்கு எழுநூறு மில்லி.
மாத்திரைக்கு இவ்வளவு, ரசத்துக்கு இவ்வளவு என்று
டம்ளரில் நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறார்,
மகளுடைய சிவப்பு.

எப்படியோ பேச்சு என் மெஷினுக்கு வந்தது.
"மேடவாக்கம் போர் தண்ணியா ஊத்துறே?"
பாதி எழுந்தே விட்டார்.
ஊசி இருக்கிற கையை ஆட்டாதீங்க என்றேன்.
"டாங்கர் அடியில ஓடு மாதிரி உக்காந்துக்கும்மா.
சுத்தியல் வெச்சுத் தட்டித்தான் எடுப்போம்.
கேன் தண்ணி ஊத்து."
பிறகு அவரே சிரித்தார்.
கேன் எங்கே நிரம்புகிறது என்று
அவருக்குத் தெரியாதா.

"எவ்ளோ வரும் அதுல?"
"முப்பது மில்லி."
"ஒரு வாய்க்கா?"
"மொத்தமே அவ்வளவுதான்."

கூரையைப் பார்த்தபடி இருந்தார்.
எழுநூறிலிருந்து முப்பதைக் கழிக்க
இவ்வளவு நேரம் ஆகாது.
வேறு எதையோ கழித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வஹீதாவிடம் கேட்டேன்.
பொட்டாசியம் பார்த்தார், எடை பார்த்தார்,
என்னை ஒரு தடவை பார்த்தார்.
"ஒரே ஒரு முறை. பால் கூடாது."

அதனால்தான் இந்த ஞாயிறு.

எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றினேன்.
இருபது நிமிடம் ஊறட்டும் என்று உட்கார்ந்தவள்
ஒரு மணி நேரம் தூங்கிப்போனேன்.
திறந்ததும் முதலில் வெறும் காற்று.
அப்புறம் கஞ்சித் தெளிவாய் ஒரு வெள்ளை,
அதில் செதில் செதிலாக
நாலு கோடையின் நிலத்தடி.
ஓட்டையில்லாத மூடியைப் பொருத்திப்
பத்து விநாடி அழுத்தம், நிறுத்து,
பத்து விநாடி, நிறுத்து.
ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விட்டு
பழுப்பு நுரையைக் கக்கியது.

புது வளையம். புது சல்லடை.
நான்காவது துண்டு கிடைக்கவே இல்லை.
பத்து முறை அலசி
யூனிட்டில் மிஞ்சிய பரிசோதனைத் தாள் ஒன்றை
குழாயடியில் காட்டினேன்.
நிறம் மாறவில்லை.
நம்பாமல் நாக்கிலும் தொட்டுப் பார்த்தேன்.

முதல் காபி சிங்குக்கு. இரண்டாவதும்.
மூன்றாவதில் முள் ஒன்பதில் போய் நின்றது.

செவ்வாய் இரவு
மருந்து அளக்கும் கோப்பையில் முப்பது,
சரியாகக் கோட்டில்.
பிளாஸ்கில் வந்ததால் நுரை செத்திருந்தது,
மன்னிப்புக் கேட்டேன்.
காதில் வாங்காமல்
மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்தார்
வெகுநேரம்.

குடிக்கவில்லை இன்னும்.
"இது எந்தத் தண்ணி?" என்றார்.