நாற்பத்தொன்றாவது சிரிப்பு

ரோஸ்ஹில்லில், துணிக்கடைக்கு மேல்மாடியில்,
கண் அளவையர் சங்கத்தின் அவசரக் கூட்டம்.
சனிக்கிழமை. மழை.
தட்டில் காத்தோ பிமா ஆறிக்கொண்டிருக்கிறது.
நான் செயலாளர்.
என் முன்னே வழக்கறிஞர் எழுதித் தந்த வரைவு:
‘உறுப்பினர் சமூக ஊடகங்களில் கண்ணியம் காக்கக் கடவர்.’
‘கடவர்’ என்பதை அடித்தேன்.
பிறகு கண்ணியத்தையும் அடித்தேன்,
அது யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான்.
குமரேன் சுப்பராயெனின் கடைக்கு ஒருவர் வந்தார்.
நாற்காலியில் அமர்ந்து, இடக்கண்ணைப் பொத்தி,
இரண்டாம் வரியைப் படித்தார்:
சந்தையில் விலை கேட்பவர் போல
ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் ஒரு கேள்வி.
குமரேன் கைபேசியில் பிடித்தான்.
முகத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை ஒட்டினான்.
‘நாளை உங்கள் பஸ்ஸை ஓட்டப்போகிறவர் இவர்தான்’ என்று எழுதி
வெளியே விட்டான்.

கண்ணை மறைத்தால் ஆள் மறைந்துவிடும் என்று
கண்ணைப் பற்றிப் படித்தவனே நம்பினான்.
இது தீவு, ஐயா.
இங்கே இருமலுக்கும் விலாசம் உண்டு.
தைப்பூசக் காவடிக்குக் கட்டிய காப்பு
மணிக்கட்டில் இன்னும் மஞ்சளாக இருந்தது.
சன்னலில் கோர் தெ கார்த் மலை.
இரவு எட்டு மணிக்குள் பெயர் தெரிந்துவிட்டது:
தயாளென் வலாய்தோன்.
பெயரை முதலில் போட்டது
அவர் மகளோடு படிக்கிற ஒரு பையன்.

ஒளிப்பானேன், அவர் ஓட்டியிருக்கக் கூடாதுதான்.
அதைச் சொல்ல வேண்டிய இடம் அந்த அறை.
தணிந்த குரல். ஒரு வாக்கியம். கையில் ஒரு கடிதம்.
‘கண்ணாடி வரும்வரை வண்டியைத் தொடாதீர்கள், அண்ணே.’
அந்த வாக்கியத்தை மட்டும் குமரேன் சொல்லவே இல்லை.
ஊருக்குச் சொன்னான்.
அவரிடம் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு அவரும் வந்தார், தோள் நனைந்து.
‘என் கண்ணைப் பார்க்கச் சொல்லி வந்தேன், மிஸ்யே.
என்னை எல்லோரும் பார்க்கச் சொல்லி வரவில்லை.’
நாற்காலியை இழுத்துப் போட்டோம்.
உட்காரவில்லை.

பதிவை அழித்துவிட்டதாகக் குமரேன் சொன்னான்.
அழித்தான், உண்மை.
திரையைப் படம் பிடித்தவர்கள் அழிக்கவில்லை.

ஆறு மாத இடைநீக்கம்.
ஆதரிப்பவர்கள் கை தூக்கினோம், என் கையும் எழுந்தது.
அந்தக் கையின் கட்டைவிரல்தான்,
பிளாஸ் மார்ழோவில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு மாலையில்,
குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு,
யார் எவர் என்று யோசிக்காமல்,
சிரிக்கும் முகத்தைத் தொட்டது.
நாற்பத்தொன்றாவது.
குழுவில் யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

நாள்தோறும் நான் கேட்டுப் பிழைக்கிற கேள்வி ஒன்று உண்டு.
வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு,
‘இது தெளிவா? இல்லை, இது?’
அன்றிரவு வரைவின் முன் உட்கார்ந்து
என்னையே கேட்டுக்கொண்டேன்.
தொட்டது சங்கத்துச் செயலாளரா,
மழையில் நின்ற வெறும் பெண்ணா?
வில்லை மாறியது. மங்கல் மாறவில்லை.
கடைசியில் எழுதியது இவ்வளவு:

நாற்காலியில் ஒருவர் அமர்ந்தால் கைபேசி இழுப்பறைக்குள்.
அவரிடம் சொல்லாததை வேறு யாரிடமும் சொல்லாதே.
சிரிப்பதும் பரப்புவதே.

மூன்றாவதை எழுதும்போது பேனா நின்று, பிறகு போனது.

ஏழு வாரம் கழித்து, போர் லூயி போகிற வண்டியில் ஏறினேன்.
தயாளென்.
இரட்டை வில்லைக் கண்ணாடி, வேறெங்கோ வாங்கியது,
மூக்கில் சற்றே சரிந்திருந்தது.
நிமிர்த்திவிடச் சொல்லி என் விரல் துடித்தது.
தலைக்கு மேலிருந்த கண்ணாடியில்
என்னை ஒருமுறை பார்த்தார்.
நடத்துநரிடம் சில்லறையை எண்ணாமல் கொடுத்தேன்.

அந்தப் படம் இன்னும் யார் யார் கைபேசியிலோ கிடக்கிறது,
சிரித்தவர்களின் பெயர்கள் அடியில், பொடி எழுத்தில்.

இப்போது அவருக்குப்
பொடி எழுத்தும் தெரியும்.