இடையில் ஒரு பெட்டி

சைலன்சரை மாற்றியது நானல்ல.
எனக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்த
சீனன்குடாப் பொடியன்.
அவன் கட்டாருக்குப் போய்விட்டான்,
சத்தத்தை என்னிடம் விட்டுவிட்டு.

அக்ஸிலேற்றரைத் தளர்த்தினால்
பட்பட்டென்று வெடிக்கிறது.
உட்துறைமுக வீதி மான்கள் தலை தூக்குகின்றன.
எந்த வெடிக்கும் பழகிய ஊர்தான் இது,
ஆனாலும் தூக்குகின்றன.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால்
எலும்பு வெள்ளை.
"காத்துக் கூட, பெற்றோல் காணாது" என்கிறான் ஹஸ்மீர்,
அனுராதபுரச் சந்திக் கராஜில்,
கை துடைத்த துணியாலேயே
முகத்தையும் துடைத்துக்கொண்டு.
"ரெண்டு வழி இருக்கு மிஸ்."

ஒன்று, மூளையைத் திறந்து எழுதுவது.
லப்டொப், ஒரு வயர், நாற்பது நிமிடம்.
எத்தனை சுற்றுக்கு எத்தனை துளி என்று
தொழிற்சாலை போட்ட கணக்கின் மேல்
வேறொரு கணக்கு.
"கொழும்புல உருளையில ஏத்தி ஓட்டி
அளந்து எழுதுவாங்க.
நம்மட்ட அந்த மெஷின் இல்ல.
ஆரோ ஒருத்தன்ட வண்டிக்கு எழுதினதத்தான்
ஒங்கடதுக்குப் போடுவன்."

மற்றது,
தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி.
சீட்டுக்கு அடியில் படுத்துக்கொள்ளும்,
மூளைக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில்.
மூளை சொல்லும்: இவ்வளவு நேரம் திற.
பெட்டி தலையாட்டிக் கேட்கும்,
அங்கால் திரும்பிச் சொல்லும்:
இன்னும் ஒரு கண்ணிமை.
மூளைக்கு ஒன்றும் தெரியாது.
"பிடிக்காட்டிக் கழட்டிரலாம்.
ஆனா இந்த உப்புக் காத்து இருக்கே,
ஒரு வருஷத்தில வயர் முனையெல்லாம்
பச்ச பூத்திரும்."

ஒன்பது வருடமாக
நீதிமன்றில்
சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவில்
நிற்கிறவளிடம் சொல்கிறான் இதை.
சிரிப்பு வந்தது. அடக்கினேன்.
அடக்குவதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.

கூட்டாதே, குறைக்காதே:
சத்தியம் செய்துதான் அந்தக் கூண்டருகே நின்றேன்.
சாட்சியின் இருமலை மட்டும்
மொழிபெயர்க்காமல் விடுவேன்
(அதுவும் குறைத்ததுதானோ).

ஆகவே பெட்டியை எனக்குப் பிடிக்கவில்லை.
பொய் சொல்வதால் அல்ல,
அவ்வளவு பணிவாகச் சொல்வதால்.
மாற்றுவதென்றால் சட்டத்தையே மாற்று,
நடுவில் நின்று குசுகுசுக்காதே
என்று ஹஸ்மீருக்குச் சொன்னேன்.
"அப்ப எழுதுவமா?" என்றான்.
யாரோ ஒருவனின் வண்டி ஞாபகம் வந்தது.
அவன் எங்கே ஓடுகிறானோ,
மலைநாட்டு மெல்லிய காற்றிலோ,
அவன் மூச்சை என் வண்டி மூச்சாக விடுமோ.
சம்பளம் வரட்டும் என்றேன்.

அந்தக் கிழமை வலை வழக்கு ஒன்று.
மூதூர்க்காரர், உதடு வெடித்திருந்தது.
அந்த இடம் தடை என்று தெரியுமா
என்று நீதவான் கேட்டார்.
மனிதர் கூண்டின் கம்பியைப் பார்த்தபடி
"தெரியா" என்றார்.
என் வாயிலிருந்து சிங்களத்தில் வந்தது:
நினைவில்லையாம்.

ஒரு சொல்.
ஒரு கண்ணிமை.
எழுதுவினைஞர் தட்டெழுதிவிட்டார்,
மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.
அது அவருக்கு உதவியதா, கெடுத்ததா,
இன்னும் எனக்குத் தெரியா.

சனிக்கிழமை போய்
பெட்டியைப் பூட்டச் சொன்னேன்.
காரணம் கேட்டான். விலை என்றேன்.

நிலாவெளி வீதியில் மூன்றாம் கியரில்
இழுத்துப் பார்த்தோம், அவன் பின்னால்
என் ஹெல்மட்டைத் தட்டித் தட்டி
"இன்னும், இன்னும்" என்று கத்த.
உப்புவெளி தாண்டி நிறுத்தி
சூடு ஆறும்வரை வடை தின்று
பிளக்கைக் கழற்றினால்
பால் கொஞ்சம் தூக்கலான தேத்தண்ணி நிறம்.
"வடிவா இருக்கு" என்றான்.

மாதம் ஒருமுறை சீட்டைத் தூக்கி
வயர் முனைகளைத் துடைத்து
கிறீஸ் பூசுகிறேன்.
இடையில் இருப்பதற்கு
உப்பு முதலில் பிடிக்கிறது.

உவர்மலை இறக்கத்தில்
இப்போதும் எப்போதாவது ஒரு வெடி.
ஹஸ்மீருக்குச் சொல்லவில்லை.