ஐப்பசி ஒன்று

புரட்டாசி முடிந்துபோயிற்று.
நேற்றுவரை என் காளானைத் தேடிவந்த ஊர்
இன்று விடியக்காலம் ஐந்து மணிக்கே
கறிக்கடை வாசலில்
தூக்குப்போசியோடு நிற்கிறது.

டெம்போ சென்னியப்பன் போனில் சொல்கிறான்:
"ஏனுங்க்கா, பெருந்துறை ஓட்டல்ல
இன்னைக்கு வேண்டாம்னுட்டாங்க.
ஈரோட்டுலயும் அதே கதைதானுங்க."

பெருமாளை நம்பித்தான் மாசம் பூரா விற்றேன்.
அவர் விரதத்தை முடித்துக்கொண்டார்.
காளானுக்கு அது தெரியவில்லை.
பந்தல் இருட்டில், தொங்கும் பைகளில்
அது பாட்டுக்கு விரிந்துகொண்டிருக்கிறது.

பதினோரு கிலோ.
சிப்பிக்காளான் ஒரு பகல்தான் தாங்கும்.
மறுநாள் ஓரம் மஞ்சளாகும்,
அடுத்த நாள் பக்கத்தில் போக முடியாது.
குழுக்கடன் தவணை வியாழக்கிழமை.
அதை இதில் எழுத வேண்டாமென்றுதான் பார்த்தேன்.

பரணில் ஒன்று கிடந்தது:
காளான் விதை அனுப்பியதற்குக் காசுக்குப் பதிலாக
தாளவாடி ஜடையம்மா கொடுத்துவிட்ட
நாலு படி மூங்கில் அரிசி.
எப்படி ஆக்குவதென்று கேட்டதற்கு
"நேரமிருக்கிறவங்க ஆக்கற சோறு அது"
என்று சிரித்திருந்தாள்.

இன்று எனக்கு நேரம் இருந்தது.
வேறொன்றும் இருக்கவில்லை.

காலையில் ஊறப்போட்டு
உச்சிப்பொழுதுக்கு அடுப்பைக் கூட்டினேன்.
வைக்கோல் அவிக்கிற அண்டாவையே
புளிபோட்டு மூன்று தரம் தேய்த்தேன்.
அரிசி வேகிறது, வேகிறது,
இன்னும் பல்லுக்கு நறுக்கென்கிறது.
காட்டில் வளர்ந்ததற்கு
யார் அவசரமும் பிடிபடாது.

கடலெண்ணெயில் சின்ன வெங்காயம்,
தட்டிய பூண்டு, மிளகு, சீரகம்,
எங்கள் பக்கத்து மஞ்சள் ஒரு கை.
காளானைக் கத்தி படாமல்
நரம்போடு நரம்பாகக் கிழித்துப் போட்டேன்.
முதலில் முறைத்தது.
பிறகு தன் தண்ணீரையெல்லாம் விட்டு
பாதியாய் ஒடுங்கி
விட்ட தண்ணீரைத் தானே குடித்தது.

பூத்தால் செத்துப்போகும் மூங்கில்,
செத்த தாளில் பூக்கும் காளான்,
இரண்டும் ஒரே அண்டாவில் என்று
ஏதோ யோசனை ஓட ஆரம்பித்தது.
வெங்காயம் அடிப்பிடிக்கும் வாசம் வர,
அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

கடைசியில் ஒரு தேங்காயின் பால்.
ஒரு பிடி முருங்கைக்கீரை.

தறிக்குடோன் ஒடிசாப் பையன்கள்
ஆறு பேர் வந்தார்கள்.
இது சூப்பா கஞ்சியா என்று
பக்கத்து வீட்டுத் தெய்வானைக்கும்
அவள் வீட்டுக்காரருக்கும் சண்டை.
"ஊதிக் குடிச்சா சூப்பு,
அள்ளிக் குடிச்சா கஞ்சி" என்றேன்.
பிஸ்வஜித் இரண்டு விதமாகவும் குடித்துப் பார்த்து
மூன்றாவது டம்ளர் நீட்டினான்.

பொழுது சாய்கிற நேரம்
சைக்கிளை ஓரமாய்ச் சாய்த்துவிட்டு
கறிக்கடைப் பொங்கியண்ணன் நிற்கிறார்,
கையில் தூக்குப்போசி.
"கம்முனு ஊத்துங்க அம்மிணி.
காலைல இருந்து அதையே வெட்டி வெட்டி
வாயில வைக்க முடியறதில்லீங்க.
ஒரு மாசம் கடையச் சாத்தவெச்ச
உங்க காளான் மேல
எனக்குக் கோவந்தான்.
இருந்தாலும் பசிக்குது."

குறட்டில் உட்கார்ந்தே
போசி மூடியில் ஊற்றிக் குடித்தார்.
கண்ணை மூடினார்.
நான் காத்திருந்தேன்,
ஏதாவது சொல்வாரென்று.
"உப்புக் கம்மிங்க."

மீதியை வீட்டுக்கு எடுத்துப்போனார்.
அண்டா காலி.
தவணை அப்படியே இருக்கிறது.

ராத்திரி டார்ச்சோடு பந்தலுக்குள் போனேன்.
ஈர வைக்கோல் வாசம்.
மூன்றாம் வரிசைப் பைகளில்
குண்டூசித் தலையளவு புதுமொட்டுகள்,
எண்ண முடியவில்லை.
நாளைக்கழித்து ஒன்பது கிலோ தேறும்.

உப்புப் பாக்கெட் ஒன்று
வாங்கி வைக்க வேண்டும்.