பதினோரு சாக்கு

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓட்டலின் மாடி ஹாலில்
தொழில்திறன் மேம்பாட்டுப் பயிலரங்கம்.
கழுத்தில் பட்டை, பட்டையில்
மு. பூங்காவனம், மக்கள் தொடர்பு.
கம்பெனியின் பேர் என் பேரைவிடப் பெரிய எழுத்தில்.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர்
திரையைத் தள்ளித் தள்ளிச் சொன்னார்:
முதல் ஒரு மணி நேரம் பொன்.
ஊர் பேசுமுன் நீங்கள் பேசிவிடுங்கள்.
போன் எடுக்காதவரைத்தான் குற்றவாளி என்பார்கள்.
எழுதிக்கொண்டேன்.
பாதி நேரம் எழுதுவது போல இருந்தேன்.

டிசம்பரில் என் முதல் ஒரு மணி நேரம்
எளாவூர் சாவடி தாண்டி, ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே,
ஓடைக்கரையில், டார்ச் வெளிச்சத்தில் போனது.
செக்யூரிட்டி ஆட்கள் நாலு பேர் கூடையால் அள்ளினார்கள்.
விடியுமுன் புதைத்தாக வேண்டும்.
மடவை, கெளுத்தி, பேர் தெரியாத பொடி,
எல்லாம் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு.
பிறகு காரில், மடியில் லேப்டாப், செருப்பில் சேறு,
'சிறு கசிவு. பாதிப்பு ஏதுமில்லை' என்று அடித்தேன்.
சூளூர்பேட்டைக்குத் தெலுங்கில் போனதில்
லீக்கேஜி என்றிருந்தது.
அது குழாய்க்கு மட்டும் ஆன சொல்.
தமிழில்தான் கசிவு;
நெஞ்சுக்கும் அதே சொல் என்று
அடிக்கும்போது நினைப்பு வரவில்லை.

அள்ளத் தப்பியவை வடக்கே மிதந்து
தடா பக்கம் ஒதுங்கின.
எல்லை தாண்டிய மீன்
அடுத்த மாவட்டத்துச் செய்தி, அடுத்த மொழியின் பதிப்பு.
இங்கிருந்து யாரும் அங்கே கேட்கவில்லை.
அங்கே யாரும் எங்கிருந்து என்று கேட்கவில்லை.

தேசப்பன் பகுதிநேர நிருபர்.
பஸ் நிலையத்து எதிரில் ஜெராக்ஸ் கடை.
பத்தி சென்டிமீட்டருக்கு ஒன்பது ரூபாய்,
பொங்கல் மலருக்கு விளம்பரம் பிடித்தால் பதினைந்து சதவீதம்.
அரைப் பக்கம் எங்களுடையது.
என் அறிக்கையை அப்படியே போட்டிருந்தார்,
நான் விட்ட ஒற்றுப்பிழையோடு.

பிரியாணிக்குப் பிறகு மாதிரிப் பத்திரிகையாளர் சந்திப்பு.
கற்பனைத் தொழிற்சாலை, கற்பனைக் குழாய்.
எதிரில் நிஜ நிருபர்கள்,
ஆளுக்கு ஐந்நூறு, சாப்பாடு தனி.
என் முறை வந்தது.
தேசப்பன் எழுந்தார். பேனா பையிலேயே இருந்தது.
"மேடம், எத்தனை மீன் செத்துச்சு?"

நாலு மாதம் இந்தக் கேள்வி எங்கே கிடந்தது,
ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியிலா?
ஏ.சி. சொட்டிக்கொண்டிருந்தது, அடியில் வாளி.
கற்பனை என்று சொல்லிவிட்டார்களே,
அந்தத் தைரியத்தில் வாய் தானாகத் திறந்தது:
"பதினோரு சாக்கு."

ஹாலே சிரித்தது.
பயிற்சியாளர் மார்க்கரைத் திறந்தார்.
"பார்த்தீங்களா,
கேள்வி கேட்டா எண் சொல்லணும்,
சாக்குச் சொல்லக் கூடாது."
கைதட்டல்.
தேசப்பன் மட்டும் உட்கார மறந்து நின்றார்.

சான்றிதழ், சால்வை, குழுப் படம்.
மறுநாள் ஆறாம் பக்கம், கீழ் மூலை:
பயிலரங்கம் இனிதே நடந்தது.
எட்டு சென்டிமீட்டர், எழுபத்திரண்டு ரூபாய்.
இந்த முறை ஒற்றுகள் சரியாக இருந்தன.

சாயங்காலம் அவர் கடைக்குப் போனேன்,
சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க.
ஹெச்.ஆரில் கேட்டிருந்தார்கள், அது நிஜம்தான்.
எத்தனை காப்பி என்றார்.
ஒன்று என்றேன்.
பச்சை வெளிச்சம் ஒரு முறை போய் வந்தது.
சில்லறையை எண்ணிக்கொண்டே, நிமிராமல்,
"ஐம்பது கிலோ சாக்கா மேடம்,
நூறா?"