காரணம் என்ற பத்தி

பேய்லி வீதி, மூன்றாம் மாடி.
ருஷ்ய மொழியில் விழுந்த விமானங்களைத்
தமிழில் மறுபடி விழுத்துகிறேன்,
பக்கத்துக்கு நானூறு ரூபா.
கார்கிவில் ஐந்து வருஷம் படித்தது
இதற்குத்தான் உதவுகிறது.

இன்றைய கட்டு:
அன்டனோவ், எண்பத்தொன்று, பெப்ரவரி, பீட்ரூட் வயல்.
இறக்கையில் பனி என்று எழுதி வெட்டினேன்;
நுவரெலியாப் புல்லில் கிடக்கிற பனி அல்ல அது.
உறைபனி. அதுவும் போதவில்லை.
தட்டச்சு ருஸ்னா பலூடா கிளாஸை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள்:
"இந்த ஐசா சேர் பிளேனை விழுத்தினது?"

காரணம்: விமானியின் தவறு.
எல்லாக் கோப்பிலும் அதே வரி, செத்தவன் மறுக்கமாட்டான்.
ஏழாம் பக்க அடிக்குறிப்பில் மட்டும்
பனி கரைக்கும் திரவம் மூன்று வாரமாய்க் கையிருப்பில்லை.
அதில் பாதி மதுசாரம்.
எங்கே போயிருக்கும் என்று
அந்த ஊர் விடுதிகளில் குளிர் காய்ந்த எனக்குத் தெரியும்.
"புறப்பட அனுமதி வழங்கப்பட்டது."
யாரால்?
செயப்பாட்டு வினை இரண்டு மொழியிலும் வசதி.

இரத்மலானையில் எழும்பிய இன்னொரு அன்டனோவ்
விழுந்த கடல் இந்த ஜன்னலுக்குத் தெரியாது,
துறைமுகத்துக் கிரேன்கள் மறைக்கும்.
அதில் மூட்டைகளோடு போனவனின் மனைவி
மங்கையற்கரசி நாளை பத்து மணிக்கு வருவாள்.
அதே ரகம், அதே தொழிற்சாலை;
பழைய கோப்புகளை அவளுடைய வக்கீல்தான் கேட்டார்.
அவள் கோப்பில் காரணம் என்ற பத்திக்குக் கீழே
ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை.

அடிக்குறிப்பை மேலே ஏற்றி,
பெரிய எழுத்தில் அடிக்கச் சொன்னேன்.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன் செய்யக்கூடாதது.
ருஸ்னா ஏனென்று கேட்கவில்லை.
கிளாஸில் ஐஸ் முடிந்து
ரோஸ் நிறப் பால் மட்டும் நின்றது.