கொட்டேஷன்

தீவனச் சாக்கில் சுற்றி
வெள்ளகோவிலிலிருந்து மூன்று பஸ் மாறி
கணபதிக்குக் கொண்டுவந்தார் பொங்கியண்ணன்.
மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்கு
இது வரவேண்டிய சாமானே இல்லை.
"சுத்துறதெல்லாம் நீங்க பாப்பீங்கன்னாங்க, அம்மணி.
செய்யலாமுங்களா, எடைக்குப் போட்டுடலாமுங்களா?"

பாகம் பிரித்ததில்
அண்ணனுக்குக் கிணற்றுப் பூமி,
தம்பிக்கு ரோட்டோரக் காடு,
மேட்டாங்காட்டோடு சேர்த்து
பத்திரத்தின் கடைசி வரியும் இவருக்கு:
கிராமபோன் பெட்டி ஒன்று, ஓடாது.

உக்கடத்தில் விசாரித்தேன்.
இந்த மாடல் அந்தக் காலத்து மிக்ஸி,
வாங்க வக்கிருந்த வீட்டிலெல்லாம் ஒன்று.
இன்றைக்கும் கடைக்கு நாலு கிடக்கிறது.
நன்றாக ஓடினால் ஆறாயிரம்,
அதுவும் ஓட்டல்காரர் எவராவது
கல்லாப் பக்கம் வைக்கக் கேட்டால்.

ஸ்குரூ கழற்றினேன்.
கிரீஸ் கருப்பட்டிப் பாகாய் இறுகியிருந்தது.
ஸ்பிரிங் உள்முனையில் ஒடிந்திருந்தது.
கவர்னர் குண்டு மூன்றில் ஒன்றைக் காணோம்.
மைக்காவில் ஓரமாய் ஒரு கீறல்.
குழாயைத் தாங்கும் துத்தநாக வார்ப்பு
தொட்ட இடத்தில் வர்க்கியாய் உதிர்ந்தது.

பில் புக்கின் முதுகில் எழுதிக் கூட்டினால்
ஒன்பதாயிரத்து நானூறு,
என் கூலியைப் பாதியாக்கியும்.
அவரும் ஒருமுறை விரல் மடக்கிப் பார்த்தார்.
"சரியாத்தானுங்க இருக்குது."
மஞ்சள் ஏலத்தில் விலை கேட்டுவிட்டு
மூட்டையோடு திரும்புகிறவரின் குரல்.

சாக்கை விரித்துப் பிடித்துவிட்டார்.
நான்தான் டார்ச்சை இன்னொரு முறை அடித்தேன்.
பெரிய பல்சக்கரத்தில்
ஒரே ஒரு பல் நிறம் வேறு.
மற்றவை மஞ்சள், இது சிவப்போடிய பித்தளை.
உடைந்த பல்லை வேரோடு எடுத்து
அடி அகன்ற காடி வெட்டி
புதுத் துண்டைப் பக்கவாட்டில் சொருகி
அரத்தால் ராவி ராவி
பக்கத்துப் பல்லோடு சமமாக்கியிருக்கிறான் எவனோ.
எதில் வெட்டினானோ,
கதவுத் தாழ்ப்பாளோ, அண்டாவின் காதோ.
நகத்தால் தடவினேன், தட்டவில்லை.
பதினெட்டு வருசமாய் லேத்தில் நிற்கிற எனக்கு
இதற்கு இரண்டு நாள் ஆகும்,
அந்தக் கூலியைக் கேட்க நாக்குக் கூசும்.

அவனும் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பான்தானே.
அன்றைக்கும் இது
ஊருக்குப் பத்து கிடந்த சாமான்தானே.

"இதனால விலை கூடுமுங்களா?"
குறையும் என்றேன். ஒரிஜினல் இல்லையாம்.
"அது சரி" என்றார்,
யாருக்குச் சொன்னாரென்று தெரியவில்லை.

சாக்கின் அடியில் இசைத்தட்டு ஒன்றும் இருந்தது.
பாட்டில்லை, சிரிப்பு.
ஒரு பக்கம் முழுக்க ஒரு ஆள் சிரிக்க
அதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.
ஊசியை வைத்து
ஆள்காட்டி விரலால் சுழற்றினேன்.
விரல் தளர்ந்தால் எழவு வீட்டு அழுகை.
விரைந்தால் வெள்ளாட்டுக் குட்டி.
நடுவே எப்போதோ, ஒரு சுற்றோ ஒன்றரையோ,
சரியான வேகம் அகப்பட்டு
அந்த ஆள் சிரித்தான்.
பொங்கியண்ணனுக்கு அடக்க முடியவில்லை,
துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.
காயில் சுற்றிக்கொண்டிருந்த செல்வநாயகி
எத்தனையாவது சுற்று என்பதை விட்டுவிட்டு
முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

"ஊட்டுல கேட்டுப்போட்டுப் போன் பண்றனுங்க."
சாக்கை மட்டும் மடித்துக் கக்கத்தில் வைத்துப் போனார்.

அது ஆடியில். தை பிறந்துவிட்டது.
ரேக்கில், இரண்டு சப்மெர்சிபிளுக்கு நடுவே
அது பாட்டுக்கு இருக்கிறது.
போனும் இல்லை, ஆளும் இல்லை.

நேற்று பம்பு புஷ்ஷுக்கு ஆர்டர் சொல்லும்போது
பீளமேட்டு ஸ்பிரிங்காரரிடம் கேட்டுவைத்தேன்,
அகலம் ஒரு இன்ச்சு, நீளம் பதினோரு அடி,
என்ன ஆகும் என்று.

சும்மாதான்.
கேட்கிறதுக்குக் காசா?