இரண்டு நிமிடம்

ரெஜினா அட்டையை எடுத்து வாசித்தாள்:
தினமும் நீ பார்க்கும் ஓர் இடத்தை வர்ணி.
யோசிக்க ஒரு நிமிடம். பேச இரண்டு.

விடுதி மொட்டைமாடி.
ஐந்து ரோட்டுப் பக்கம் பஸ் ஹாரன்.
எதிரே, வெள்ளைக்கல் தோண்டித் தோண்டி
மிச்சம் வைத்திருக்கும் குன்று.

தி ஹில் இஸ் வொயிட், என்றேன்.
செல்போனில் பதினோரு விநாடி.
தி ஹில் இஸ் வெரி வொயிட்.
"அப்புறம்?"
அப்புறம் காதோரம் ஒரு கொசு.
அதற்கு இங்கிலீஷ் தெரியும்போல,
நிறுத்தாமல் பேசியது.

ஏழு வாங்கினால்
சௌத்தாம்ப்டனில் ஒரு வார்டு எனக்கு.

அன்று நைட் டூட்டி. மூன்று மணிக்கு
வாழவந்தியிலிருந்து சடையனை இறக்கி வந்தார்கள்.
எப்படி வலிக்குது என்று கேட்டதுதான் தாமதம்:

"மொதல்ல சுருக்குன்னுச்சுங்க சிஸ்டர்,
சட்டைக்குள்ள கட்டெறும்பு பூந்தாப்புல.
அப்புறம் இடுப்பச் சுத்தி,
சில்வர் ஓக்குல ஏறுன மொளகுக் கொடிய
புடிச்சு உரிக்கறாங்க பாருங்க, அப்படி.
பத்தாவது வளைவுல விட்டுருச்சு.
சரி தொலைஞ்சுதுன்னு பாத்தா
ஒம்பதாவதுல எனக்கு முன்னாடியே
வந்து நிக்குது."

மூச்சு வாங்க நிறுத்தினார்.
சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.
யோசிக்க யாரும் நேரம் தரவில்லை அவருக்கு.

கேஸ் ஷீட்டில் எழுதினேன்:
செவியர் பெயின். லெஃப்ட் ஃப்ளாங்க்.
பேனா இன்னும் கொஞ்சம் நின்றது.
பிறகு ஊசியை எடுக்கப் போனேன்.

காலையில்
வாயில் பிரஷ்ஷும் கையில் புது அட்டையுமாக ரெஜினா.
கொடி உரிவதற்கு
இங்கிலீஷில் என்னடி வார்த்தை, என்றேன்.
நுரையைத் துப்பாமல்
யோசித்துக்கொண்டே நிற்கிறாள்,
ஒரு நிமிடம் தாண்டியும்.